கயிறு வீட்டில் கட்டினாலும் கேள்வி பள்ளிக்குத்தான்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வில்காக்ஸ் கவுண்டி. ஒரே வகுப்பில் படித்த வெள்ளை, கறுப்பின மாணவர்களுக்கு ஆண்டிறுதி நடன விழா மட்டும் தனித்தனி. பெற்றோர் நடத்தும் தனியார் விழா என்று பள்ளி பல்லாண்டு ஒதுங்கியே நின்றது. 2013-இல் மாணவிகள் சிலர் தாங்களே பணம் திரட்டி எல்லோருக்கும் பொதுவாக ஒரு விழா நடத்திக் காட்டினார்கள்.

நம் தென்மாவட்டப் பிள்ளைகளுக்கு நடன விழா இல்லை. கையில் கயிறு இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறத்தால் சாதி காட்டும் பழக்கத்தைத் தடுக்கச் சொல்லி 2019 ஜூலையில் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசே பின்வாங்கியது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரி. பட்டியல் சாதி மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டு விழுந்தது வீட்டில். பகை வளர்ந்ததோ பள்ளியில்.

அதற்கு அடுத்த மாதம், எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி. பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்த செய்தி வந்தது. எம்.பி. கனிமொழியும் அன்றைய அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளாமல் உள்ளே போனது நல்ல காரியம்.

நிறக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடை செய்யச் சொல்லி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தார். "வெளியே நடப்பதற்கு நாங்கள் என்ன செய்ய?" என்று கேட்கும் தலைமை ஆசிரியர்களே, தயவுசெய்து அந்த அறிக்கையை ஒருமுறை படியுங்கள்.