மரத்தை எடுத்தால் பறக்கும் விமானம்

சின்ன மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். பைலட் ஆகணுமாம். அதற்கு ஆகும் செலவை விசாரித்தேன். நிலத்தை வித்தால்தான் உண்டு. ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தேன்.

அதற்குள் அவள் அண்ணனோட பழைய கம்ப்யூட்டரில் பிளைட்கியர் என்று ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டாள். நிஜ விமானம் மாதிரியே ஓட்டிப் பழகுவது, காசு கிடையாது. ஆனால் நொடிக்கு 8 படம்தான் ஓடுது. 30 இருந்தால்தான் கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போகும். இறங்கும்போது மூக்கைத் தூக்கினால் கொஞ்சம் கழித்துத்தான் தூக்குது, அதற்குள் தரையில் மோதிவிடும்.

"புதுசு வாங்க 60,000 ஆகும்ப்பா" என்றாள். கடலை வித்த காசு கையில் இருந்தது. ஆனால் அது மோட்டார் காயில் கட்டவும் விதைக்கும்.

பெட்டியைக் கழட்டிப் பார்ப்போம் என்றேன். உள்ளே கடலைத் தூசி அப்பிக் கிடக்கிறது, கூடவே செத்த பல்லி ஒன்று. காற்று போக வழியில்லாமல் சூடானால் பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். நம்ம மோட்டாருக்கு அந்தப் புத்தி இல்லை, எரிந்தே போகும். மின்விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு சைக்கிள் பம்பால் காற்றடித்தோம். விடாமல் சுற்றவிட்டால் அதுவும் கெட்டுவிடும் என்றாள்.

தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் படம் காட்ட ராமிலிருந்தே பங்கு எடுக்கும். ஒரே ஒரு 4 ஜிபிதான் இருந்தது. டவுனில் 700 ரூபாய்க்குப் பழைய 4 ஜிபி ஒன்று வாங்கி ஜோடி சேர்த்தோம். ஜோடியாகப் போட்டால் ரெண்டு வழியில் ஓடுமாம், அதில்தான் நல்ல வித்தியாசம் தெரிந்தது.

மீதியை அவளே செய்தாள். திரையை 1920க்கு 1080லிருந்து 1280க்கு 720 ஆக்கினாள். புள்ளிகள் பாதிக்கும் கீழே வந்துவிடும். நிழலை நிறுத்தினாள், மேகத்தைக் குறைத்தாள். கடைசியாக மரங்களை மொத்தமாக எடுத்துவிட்டாள்.

"மரமே இல்லாத ஊர் மேல பறக்கிறியே தாயி" என்றேன்.

"ஓடுபாதை தெரிஞ்சாப் போதும்ப்பா."

இப்போது 27, 28 வருகிறது. நேத்து ராத்திரி மும்முனை கரண்டுக்குக் காத்திருந்தேன், தூக்கம் வரலை. பின்னாடி நின்று பார்த்தேன். திருச்சி ஓடுபாதையில் ரெண்டு தடவை தவறவிட்டு மூணாவது தடவை இறக்கினாள். நான் ஒண்ணும் சொல்லலை. பயிற்சிப் பள்ளிக்கு எழுதிப் போடணும், அப்ளிகேஷன் பாரம் எடுத்து வைத்திருக்கிறாள். மோட்டார் போடப் போகணும் என்று கிளம்பிவிட்டேன்.