16 கோரில் ஒரு விடை, 64 கோரில் ஒரு விடை

கட்டமைப்புப் பகுப்பாய்வு வேலையில் எனக்கு நெடுநாள் ஒரு ரகசியப் பழக்கம் இருந்தது. அறிக்கைக்கான கடைசி ரன்னை மட்டும் கணினிச் செயலியின் ஒரே கோரில் போடுவேன். ராத்திரி முழுக்க ஓடும், ஓடட்டும். காலையில் வரும் எண், முந்தைய எண்ணோடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும். மறுஆய்வுக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பயம்தான், வேறென்ன? பெரிய விண்கலத்தின் மாடலைத் துண்டு போட்டுப் பல கோர்களுக்குப் பங்கிட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் விடை ஒவ்வொரு தடவையும் இம்மியளவு மாறும். ஒவ்வொரு கோரும் தன் பங்கைக் கூட்டி வைத்திருக்கும். எது முந்துகிறதோ அது முதலில் சேரும். கூட்டலில் வரிசை முக்கியமில்லை என்று பள்ளியில் படித்தோம். கணினிக்கு முக்கியம், ஏனென்றால் அது ஏறத்தாழ 16 இலக்கங்களைத்தான் தாங்கும். 1-க்குப் பின் 16 பூஜ்யம் போட்ட எண்ணோடு 1-ஐக் கூட்டி, அதே பெரிய எண்ணைக் கழித்துப் பாருங்கள்: 0 வரும். முதலில் கழித்துவிட்டு அப்புறம் கூட்டினால் 1.

விண்கலத்தில் இது முதல் பக்கத்திலேயே கண்ணில் படும். பாலத்துக்குத் தரை உண்டு. சுற்றுப்பாதையில் மிதப்பதற்குப் பிடிமானம் கிடையாது. ஆகவே முதல் 6 மோடுகள் (அதிர்வு வடிவங்கள்) வெறும் நகர்வும் சுழற்சியும்தான், அலைவெண் பூஜ்யமாக இருக்க வேண்டும். கணினியோ 0.0002 ஹெர்ட்ஸ், 0.00007 ஹெர்ட்ஸ் என்று எதையாவது எழுதும். 16 கோரில் ஒன்று, 64 கோரில் வேறொன்று.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் ஒருநாள் இரண்டு பிரின்ட்அவுட்டோடு வந்தார். "சார், முதல் ஆறு மாறினா பரவாயில்லன்னு சொன்னீங்க. பதினொண்ணாவது ஏன் மாறுது?"

முதல் ஆறைத் தவிர மற்றவையெல்லாம் ஆறு இலக்கம் வரை ஒத்திருந்தன. சோலார் பேனல் வளையும் அந்த மோடு மட்டும் மூன்றாவது இலக்கத்திலேயே ஆடியது. தேடிக்கொண்டு போனால், பேனலின் கீல். அசையவே கூடாது என்பதற்காக அங்கிருந்த ஸ்பிரிங்குக்கு யாரோ அபத்தமான விறைப்பு கொடுத்திருந்தார்கள். பக்கத்துத் தகட்டின் சின்ன விறைப்பு அந்தப் பெரிய எண்ணோடு கூடும்போது, மேலே சொன்ன 1-ஐப் போல, இலக்கங்களை இழந்திருந்தது. ஒரே கோரில் போட்டிருந்தால் எண் ஒவ்வொரு முறையும் பிசகாமல் வந்திருக்கும், தப்பாகவே.

இப்போது வேண்டுமென்றே கோர் எண்ணிக்கையை மாற்றிப் போடுகிறேன். ஒத்துப்போனால் மாடல் சரி என்று அர்த்தமில்லை. ஆனால் மூன்றாவது இலக்கத்திலேயே ஆடினால் எங்கோ கோளாறு. கணக்கை விட்டால் வேறு வழியில்லாத கலங்களும் உண்டு. சர்வதேச விண்வெளி நிலையம் 109 மீட்டர், 400 டன்னுக்கு மேல். 1998 முதல் பகுதி பகுதியாக மேலே போய்ப் பூட்டப்பட்டது. முழுதாகத் தரையில் வைத்து ஆட்டிப் பார்க்க வழியே இல்லை, கணக்கைத்தான் நம்பவேண்டும். ஆட்டிப் பார்க்கக்கூடிய சிறிய கலங்களிலும் அளந்த அலைவெண்ணும் மாடலின் அலைவெண்ணும் சில சதவீதத்துக்குள் வந்தாலே எங்களுக்குச் சந்தோஷம்.

அதனால் என் அறிக்கையில் மூன்று இலக்கங்கள்தான். கூட்டத்தில் ஒருவர் இன்னும் ஏழாவதைக் கேட்கிறார். எத்தனை கோரில் வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறேன்.