ஒற்றுப்பிழை

சென்ற மாதம் காது பரிசோதித்த இடத்தில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். இடது பக்கம் ஏறக்குறைய சமதளம். 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கோடு சரிந்து இறங்குகிறது. வயசானவங்களுக்கு இப்படித்தான் ஸார் என்றாள் அந்தப் பெண். உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட குழலின் வாசலருகே உள்ள மயிர்ச்செல்கள் உச்ச ஸ்தாயி ஒலிகளை வாங்குகின்றன. அவைதாம் முதலில் அழிகின்றன. மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு அப்பா நினைவுதான் வந்தது.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் அச்சகத்தில் புரூஃப் திருத்தினார். டிரெடில் ஓடும் இடத்துக்கும் அவர் மேஜைக்கும் நடுவே ஒரு தட்டி மட்டும். ஓய்வு பெற்ற பிறகும் பேப்பரைப் பென்சிலோடுதான் படிப்பார். விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டு, மடித்து வைப்பார். யாருக்காக இது என்று அம்மா கேட்பாள்.

1998இல், அவருடைய 78ஆவது வயதில், அவருக்கு ஞாபகம் போய்விட்டது என்று வீட்டில் முடிவு செய்தோம். சொன்னது நிற்கவில்லை, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தது. ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், இன்று என்ன கிழமை என்றார். மேலே மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. “எழுபத்தெட்டு” என்றார் அப்பா. இம்மாதிரி இடங்களில் முதலில் வயதைத்தான் கேட்பார்கள் என்பது அவர் யூகம். நியாயமான யூகம். பிறகு மூன்று வார்த்தைகள் சொல்லி, சற்றுக் கழித்து அவற்றைத் திரும்பச் சொல்லச் சொன்னார். உள்ளே போகாத வார்த்தை எப்படி வெளியே வரும்? டாக்டர் மார்க் போட்டார். நான் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று காலைப் பேப்பரில் அப்பா இரண்டு இடத்தில் ‘ப்’ சேர்த்திருந்ததைப் பார்த்திருந்தேன். அதைச் சொல்லத் தோன்றவில்லை.

உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த ஸ்தாயியில் இருக்கிறது. கிழக் காதிலும் விழும். க, ச, த, ப இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பம் பெரும்பாலும் மேலே, அந்தச் சரிவில் இருக்கிறது. கடை, சடை, தடை, படை நான்கும் ஒரே வார்த்தையாகிவிடும். (மோனை போய் எதுகை மிஞ்சுகிறது என்று ஒரு கவிஞ நண்பரிடம் சொன்னேன். சிரித்தார்.) குரல் கேட்கும், பேச்சு விளங்காது. உரக்கக் கத்தினால் உயிர்தான் பெருக்கும். மிச்சத்தை மனசு இட்டு நிரப்ப வேண்டும். அப்பாவுக்கு ஒவ்வொருவர் பேச்சும் பிழை மலிந்த புரூஃபாக வந்திருக்கிறது. திருத்துவதிலேயே கவனம் தீர்ந்துவிட்டால் ஞாபகத்தில் வைக்க என்ன பாக்கி?

சீட்டு வந்த பிறகு அவரிடம் விஷயங்களைச் சொல்வதை நிறுத்தினோம். ‘அவருக்குச் சொல்லி என்ன’ என்பது வீட்டில் புழங்கலாயிற்று. ஒரு கல்யாணமும் ஒரு சாவும் அவருக்குத் தெரியாமலே நடந்தன. பேப்பரில் பென்சில் கோடுகள் குறைந்தன, பிறகு நின்றன. 2001இல் அவர் என் பெயரை மறந்தபோது அது மெய்யான மறதி.

2011இல் அமெரிக்காவில், பால்டிமோரில் 639 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்ததை எழுதினார்கள். கேட்பது லேசாகக் குறைந்தவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, நடுத்தரக் குறைவில் மூன்று, கடுமையானதில் ஐந்து. கூடவே வருவதெல்லாம் காரணமாகிவிடாது. 2023இல் வெளியான பரிசோதனையில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரில் ஒரு சாராருக்குக் காது மெஷின் கொடுத்து மூன்று வருஷம் பார்த்தார்கள். மொத்தத்தில் வித்தியாசமில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமிருந்தவர்களிடம் மட்டும் அறிவுத்திறனின் சரிவு 48 சதவீதம் மட்டுப்பட்டது. விளம்பரக்காரர்களுக்குக் கடைசி வாக்கியம் போதும். எனக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. அப்பா எந்தச் சாராரில் விழுந்திருப்பார் என்ற கேள்வி ராத்திரிகளில் வருகிறது.

இப்போது நானும் மெஷின் போட்டுக்கொள்கிறேன். பாத்திரம் தேய்க்கும் சத்தம் நாராசமாக இருக்கிறது. சாயங்காலமே கழற்றி டப்பாவில் வைத்துவிடுகிறேன். நேற்று இரவு பேத்தி வந்து ஏதோ கேட்டாள். “சாப்பிட்டாச்சு” என்றேன். அவள் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா லேசாகத் தலையை ஆட்டினாள், விட்டுவிடு என்பதுபோல.

எழுந்துபோய் டப்பாவைத் திறந்தேன்.