எஞ்சினைத் தாங்கும் இறப்பர்

நம் வீட்டில் மொரிஸ் மைனர் கார் ஒன்று இருக்கிறது. 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான இவ்வகைக் கார்கள் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுவதை வாசகர்கள் கண்டிருப்பர். நம்முடையது நம்மினும் வயதில் மூத்தது. ஆகவே அதற்குரிய மரியாதையைக் கொடுத்தே வருகிறோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளும் கேகாலை மாவட்டத்து மலைச்சரிவுகளில் நம் குடும்பத்தைச் சுமந்தவர் இந்தக் கிழவரே.

அண்மையில் கிழவருக்கு நடுக்கம் கண்டது. கிளட்சை விடும்போது 'தடக்' என்றோர் ஓசை. கியர்த் தண்டு கைக்குள் ஆடிற்று. கினிகத்தேனை ஏற்றத்தில் வண்டி முழுவதும் குலுங்கிற்று. யட்டியாந்தோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். "மவுண்டிங் போயிட்டுது, சேர்" என்றார்.

மவுண்டிங் என்பது யாது? இரண்டு இரும்புத் தகடுகளுக்கு இடையே ஒட்டி வார்க்கப்பட்ட இறப்பர்த் துண்டு. எஞ்சினின் முன்புறத்தில் வலமும் இடமுமாக இரண்டு. கியர்ப் பெட்டியின் கீழே இரண்டு. ஓடும் எஞ்சினின் அதிர்வு வண்டியின் உடலுக்குச் செல்லாதவாறு இவை தாமே வாங்கிக்கொள்கின்றன. 1931ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் கார்களில் எஞ்சினை இவ்வாறு இறப்பரின்மேல் இருத்தி, 'மிதக்கும் சக்தி' என்று பெரிதாக விளம்பரம் செய்தது. இன்றும், திரும்பத் திரும்ப அமுங்கி மீளும் இவ்வேலைக்கு இயற்கை இறப்பர் மிகப் பொருத்தமானது என்பர்.

விடுமுறை நாளொன்றில் வேலையை வீட்டிலேயே செய்யத் துணிந்தோம். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பற்றரிக் கம்பியைக் கழற்றினோம். எஞ்சினின் அடியில் ஜக்கை வைக்கப்போனபோது, திண்ணையில் இருந்த தந்தையார், "பலகை வையி, தம்பி. இரும்போட இரும்பு மோதக் கூடாது" என்றார். பலகை வைத்து, தாங்கியின் பாரம் குறையுமளவே மெல்ல உயர்த்தினோம். மேலும் உயர்த்தினால் ரேடியேட்டர்க் குழாய் இழுபடும். காற்றாடியும் ரேடியேட்டரில் இடிக்கும்.

கழற்றிய பழைய துண்டைத் தந்தையார் வாங்கிப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"எண்ணெயக் குடிச்சு ஊதிப்போச்சு. கையில பால் ஒட்டினா மண்ணெண்ணெய் போட்டுத்தானே தொடப்போம்? எண்ணெய்க்கும் றப்பருக்கும் ஆகாது. மொதல்ல ஒழுக்க அடை."

புதிய தாங்கியைப் பூட்டுவதிலேயே கண்ணாயிருந்த நாம், எஞ்சினிலிருந்து எண்ணெய் கசிவதை எண்ணவேயில்லை. அன்றைய வேலையை நிறுத்தி, கசிவிடத்துக் கஸ்கட்டை மாற்றிய பின்னரே தொடர்ந்தோம். ஒரு நேரத்தில் ஒரு தாங்கி மட்டும். எல்லா நட்டுகளையும் முதலில் தளர்வாகவே விட்டு, பாரம் தானே அமர்ந்த பிறகு இறுக்கினோம்.

தந்தையார் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். பிரேசில் நாட்டு விதைகளிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1876இல் கம்பகாவின் ஹெனரத்கொடவுக்கு வந்தன என்பதை நாம் நூலிற் படித்தோம். அவரோ அம்மரத்தை விரலால் படித்தவர். குளிர்ந்த வேளையிலேதான் பால் நன்றாக ஓடும்; எனவே விடியுமுன் லயத்தை விட்டுப் புறப்படுவார். சாய்வாகப் பட்டையைச் சீவும் கத்தி பால்நாளத்தை அறுக்கவேண்டும். உள்ளே மரத்தைத் தொடலாகாது. தொட்டால் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. நாளொன்றுக்கு 300 மரமளவில் இந்த மயிரிழைக் கணக்கு அவர் கையில் இருந்தது.

அந்தக் கையைப் பற்றி நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளி நாட்களில் அவர் சட்டையில் வீசிய புளித்த பாலின் நாற்றத்துக்காக நாம் விலகி நடந்ததுண்டு. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினோம்.

வேலை முடிந்த மாலையில் அவரை அருகில் இருத்தி மலைப்பாதையில் வண்டியை ஓட்டினோம். நடுக்கம் இல்லை. இருபுறமும் இறப்பர் மரங்கள். ஏனோ அன்று அந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டோம். சிறிது நேரம் அவர் மரங்களையே பார்த்திருந்தார்.

"மரத்தப் பாக்குறதும் வெவசாயந்தானே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இத்தவணை மாணவர் விவரப் பத்திரங்களைச் சேர்த்தபோது, ஒருவன் அதே இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். அவனைத் தனியே அழைத்து, மேசையில் வைத்திருந்த பழைய தாங்கியை அவன் கையிற் கொடுத்து, இக்கதையைச் சொன்னோம். அவன் அதை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து, 'பால் வெட்டும் தொழிலாளி' என்று திருத்தமான எழுத்தில் எழுதினான்.