வாகரை வேடரும் பேர்லின் பேராசிரியரும்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலைப் பெருவழியில் வடக்கு நோக்கிச் செல்வோமாயின், வாழைச்சேனையைக் கடந்தபின் ஊர்கள் அருகிக் காடு நெருங்குகின்றது. வலப்புறம் கடல், இடையிடையே கழிகளும் கண்டற் காடுகளும். பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என்னும் இப்பகுதிகளிலே கரையோர வேடர் வாழ்கின்றனர். வேடர் என்றதும் நம் மாணாக்கர் வில்லையும் அம்பையுமே நினைப்பர். நாம் கண்டோரோ கழியில் வலை வீசிக்கொண்டிருந்தனர். பேசியது மட்டக்களப்புத் தமிழ். வாவியின் மேற்கரையிலுள்ள மண்டூர் முருகன் கோயிலின் பழங்கதையும் வேடரிடமிருந்தே தொடங்குகின்றதென்பர்.

இவ்வினத்தாரின் எலும்புகளை ஆராய்ந்து நூலெழுதிய பேரறிஞர் ஒருவர் இலங்கை மண்ணை மிதித்ததேயில்லை. அவர் ஜேர்மனியரான றுடோல்ஃப் விர்ச்சோ. 1821இற் பிறந்தவர், பேர்லின் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூற்று உடற்கூற்றியற் பேராசிரியர். நோயென்பது உயிரணுக்களில் நிகழும் மாற்றமே என்று 1858இல் வெளியிட்ட நூலால் மருத்துவத்தின் போக்கையே மாற்றியவர். பிற்காலத்தில் மண்டையோடுகளை அளப்பதில் அவருக்குப் பேரார்வம் உண்டாயிற்று. 1881இல் இலங்கை வேடரைப் பற்றிய அவரது ஆய்வு வெளிவந்தது.

அக்கால அளவை முறை எளியது. மண்டையோட்டின் நீளத்தை நூறாகக் கொண்டு அகலத்தைக் கணிப்பர். உள்ளே தானியத்தையோ ஈயக் குண்டுகளையோ நிரப்பி, அவற்றை அளவைக் குழலிற் கொட்டிக் கொள்ளளவு காண்பர். வேடர் மண்டையோடு மிகச் சிறியதெனக் கண்ட விர்ச்சோ, அதனை விரிவாக எழுதினார். ஆயினும் அவரை இனவெறியர் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஏறத்தாழ 67 இலட்சம் ஜேர்மானியப் பள்ளிச் சிறாரின் கண், மயிர், தோல் ஆகியவற்றின் நிறங்களைக் கணக்கெடுப்பித்து, கலப்பற்ற இனம் அந்நாட்டிலே இல்லையென்று 1886இற் காட்டியவரும் அவரே! வேடரின் எலும்போ அவர் மேசையில் வெறும் எண்ணாகவே நின்றது. அவ்வெலும்புக்குரியோர் எம்மொழி பேசினர், எத்தெய்வத்தை வணங்கினர் என்பதை எந்த அளவைக் குழல் சொல்லும்?

1883இல் சுவிற்சர்லாந்திலிருந்து சரசின் உறவினர் இருவர் இலங்கைக்கு வந்து வேடரை நேரிற் கண்டனர். எனினும் எலும்புக்கூடுகளைத் திரட்டிச் செல்வதை அவர்களும் விட்டாரல்லர். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூலிலேதான் இக்கரையோர வேடர் மீன்பிடிக்கும், தமிழ் பேசும், தெய்வம் ஆடும் மாந்தராகத் தோன்றுகின்றனர். நூலின் பெரும்பகுதி காட்டு வேடரைப் பற்றியதே. கரையோரத்தாருக்குக் கிடைத்த இடம் சிறிது. அவ்வளவேனும் கிடைத்ததே என்று நாம் மகிழ்கின்றோம்.

சேகரித்த எலும்புகள் ஐரோப்பிய நகரங்களில் தங்கிவிட்டன. அவற்றுட் சில மீண்ட செய்தியும் உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகம் தன் உடற்கூற்றுச் சேகரத்தில் நெடுங்காலம் வைத்திருந்த ஒன்பது வேடர் மண்டையோடுகளை 2019 நவம்பரிலே திருப்பியளித்தது. அவற்றைப் பெற்றுக்கொள்ள வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ தாமே கடல்கடந்து அந்நகருக்குச் சென்றிருந்தார்.