பூசலாரின் கிணறு

பெரிய கோயில் நிழலில் வளர்ந்தவன் நான். கோயில் என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது தஞ்சாவூரில் பிறந்தவர்களுக்கு ஊறிப்போன எண்ணம். 1010-இல் ராஜராஜன் முடித்த அந்தக் கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார்கள், தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு எந்தெந்த வீடு, பெருந்தச்சன் பெயர் என்ன என்பதெல்லாம் கல்லிலேயே இருக்கிறது. கட்டினால் இப்படிக் கணக்கோடு கட்ட வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பெருமை.

அதனாலேயே திருநின்றவூர் எனக்கு நெருடலாக இருந்தது. அந்த ஊரில் பூசலார் என்ற, கையில் காசில்லாத ஒரு பக்தர் மனசுக்குள் கோயில் கட்டினார். காஞ்சியில் கல்லால் கோயில் எழுப்பிய பல்லவனின் கனவில் சிவன் வந்து, நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் குடமுழுக்கைத் தள்ளி வை என்றார். அரசன் தேடிக்கொண்டு வந்தான். ஊரில் அப்படி ஒரு கோயிலே இல்லை. சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்குப் பல்லவன் மீதுதான் இரக்கம் வந்தது. எத்தனை சிற்பிகள், எத்தனை வருஷ உழைப்பு! நினைத்தவருக்கு முதல் மரியாதை, உழைத்தவனுக்கு இரண்டாவதா?

அரக்கோணம் மின்சார ரயிலில் ஆவடி தாண்டும்போதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

முதலில் போனது பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்கு. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்று பெயர். திருமங்கையாழ்வார் இந்த ஊரைப் பாடாமல் கடந்து போய்விட்டாராம். தாயார் விடவில்லை, ஒரு பாசுரம் வாங்கி வாருங்கள் என்று பெருமாளை அனுப்பினாள். அவர் போய்ச் சேர்வதற்குள் ஆழ்வார் கடல்மல்லைக்குப் போய்விட்டார். அங்கே பாடியபோது இந்த ஊரையும் சேர்த்துப் பாடினார். ஒன்று போதாது என்று தாயார் மறுபடியும் அனுப்ப, இன்னொன்று திருக்கண்ணமங்கையில் கிடைத்தது. இந்த ஊருக்கான பாட்டு இரண்டும் வேறு ஊர்ப் பதிகங்களில்தான் இருக்கின்றன. வாங்கிச் சாப்பிட்ட புளியோதரையில் மிளகு தூக்கலாக இருந்தது; எங்கள் பக்கம் இவ்வளவு போட மாட்டார்கள்.

அங்கிருந்து இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தேன். பூசலார் மனசில் கட்டியதை, பிறகு ஊரில் கட்டிய கோயில். சிறியது. கருவறையில் லிங்கத்தோடு பூசலாரும் இருக்கிறார். இருதய நோயாளிகள் தேடி வரும் சந்நிதி என்பதால், அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு ஸ்கேன் ரிப்போர்ட்டும் இருந்தது. பார்த்த மாத்திரத்தில், இவ்வளவுதானா என்று மனசு கொஞ்சம் வாடியது.

பிரகாரத்தில் உட்கார்ந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர், அவர் மனைவி. அந்த அம்மா மடியில் மஞ்சள் பை, அதற்குள் ஆஸ்பத்திரி ஃபைல். அடுத்த வாரம் பெரியவருக்கு ஆஞ்சியோ. நாற்பது வருஷம் கொத்தனார், பிறகு மேஸ்திரி என்றார். விரல் நுனிகளில் சிமென்ட் தின்ற தழும்பு. நான் தஞ்சாவூர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சார், எனக்கு ஒரு சந்தேகம். பூசலார் கோயில் கட்டின வரிசையைச் சேக்கிழார் சொல்றாரில்ல, அது தப்பு.”

நான் திகைத்துப் போனேன். சொற்பொழிவில் கேட்டதாம், அதிலிருந்து மனசில் கிடந்து அரிக்கிறதாம். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அந்த வரிசை இருக்கத்தான் செய்கிறது. பூசலார் பொருள் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடுகிறார், நல்ல நாள் பார்க்கிறார், அடித்தளம் போடுகிறார், உபானம் முதல் சிகரம் வரை எழுப்புகிறார். தூபி நட்டுச் சுதை வேலை முடிக்கிறார். அதற்குப் பிறகு கிணறு, மதில், குளம். எல்லாம் மனசுக்குள்ளேதான்.

“சுதைன்னா சுண்ணாம்பு. அதை நாள் கணக்கா தண்ணியில ஊறப் போடணும். கடுக்காய்த் தண்ணி வேற. கிணறே கடைசியிலதான்னா எந்தத் தண்ணியில ஊறப் போட்டாரு? நாங்க மனைக்குப் போனா மொத வேலை தண்ணிக்கு வழி பண்றதுதான்.”

அது அபிஷேகக் கிணறாக இருக்கும் ஐயா, கோயில் முடிந்த பிறகுதானே அதற்கு வேலை என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஏன், கட்டும்போது வெட்டின கிணறு அபிஷேகத்துக்கு ஆகாதா? காசில்லாத மனுசன் ரெண்டு கிணறு வெட்டுவாரா?”

“ஏரி பக்கத்துலதானே இருக்கு, அங்கேர்ந்து எடுத்திருப்பாரு. நீ பேசாம இரு, டாக்டர் என்ன சொன்னாரு?” என்றார் அந்த அம்மா.

“ஏரித் தண்ணியைச் சுமக்கச் சித்தாள் வேணும்டி. கூலி யாரு குடுக்கிறது?”

இந்த மனிதர் வேடிக்கைக்குப் பேசவில்லை. மனசில் கட்டிய கோயிலிலும் சுண்ணாம்பு ஊற வேண்டும், கூலி கொடுக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறார். பூசலாரை அவர் தன் தொழில்காரராகவே பார்க்கிறார். எனக்குச் சேக்கிழார் சொல்லும் இன்னொரு விஷயம் அப்போது பளிச்சென்று உறைத்தது: அந்த வேலை நடந்த நாளெல்லாம் பூசலார் இரவிலும் தூங்கவில்லை. நினைத்த மாத்திரத்தில் கோபுரம் எழும்பிவிடவில்லை; கல்லுக்கு எவ்வளவு நாளோ அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அவரும் உழைத்தவர்தான். பல்லவனுக்கும் அநியாயம் எதுவும் நடக்கவில்லை. அந்த அரசன் ராஜசிம்மன் என்றும், அவன் கட்டியது காஞ்சி கைலாசநாதர் கோயில் என்றும் சொல்வார்கள். அந்தக் கோயில் கல்வெட்டு ஒன்று, கலியுகத்திலும் இவன் அசரீரி கேட்டான் என்று வியக்கிறது. என்ன கேட்டான் என்று அதில் இல்லை. பூசலார் கதையோடு அதைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு.

சேக்கிழாருக்குக் கட்டட வேலை தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றேன். அவர் ஊர் குன்றத்தூர், பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம். கும்பகோணத்துப் பக்கத்துத் திருநாகேஸ்வரத்தின் மேல் இருந்த பற்றினால் குன்றத்தூரிலேயே அதே மாதிரி ஒரு கோயில் கட்டியவர்.

பெரியவர் இதை எதிர்பார்க்கவில்லை. சற்று நேரம் தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தக் கோயில் இன்னும் இருக்கா?”

இருக்கிறது என்றேன்.

“அப்ப அங்க போய்க் கிணறு எங்க இருக்குன்னு பாருங்க. ஈசானியத்துலதான் இருக்கணும். மதிலுக்கும் கிணத்துக்கும் எவ்வளவு இடம் விட்டிருக்காருன்னு அடி வெச்சு அளந்துக்குங்க. மதில் ஒட்டி இருந்தா, மதிலுக்கு முன்னாடியே வெட்டினதுன்னு அர்த்தம். பொறவு கடக்கால் தோண்டினா கிணறு சரிஞ்சிரும்.”

அந்த அம்மா ஃபைலைப் பைக்குள் தள்ளிவிட்டு எழுந்தார். பெரியவர் மட்டும் எழாமல், குன்றத்தூருக்குப் பூந்தமல்லியில் எந்த பஸ் மாற வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.