அதே பாறை, அதே தூண்டில்

வகுப்பில் முதல் நாள் எந்த பெஞ்சில் உட்கார்ந்தோமோ, கடைசி நாள் வரை அதே பெஞ்ச்தான். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனாலும் ஒருநாள் தாமதமாக வந்து, அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் பரம்பரைச் சொத்து பறிபோன மாதிரி ஒரு எரிச்சல் வருகிறது பாருங்கள், இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். ஆனால் இதில் பெஞ்ச் வராது. ஒரு மீன் வரும், ஒரு ஆறு வரும், அந்த ஆற்றங்கரையில் பிடிவாதமாக நிற்கும் ஒரு மனிதர் வருவார்.

முதலில் மீன். பெயர் ஸ்மால்மவுத் பாஸ். சின்ன வாய் பாஸ் என்று வைத்துக்கொள்ளலாம். வெண்கல நிறம், உடம்பில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள், பெரும்பாலும் சிவந்த கண். இதன் உறவுக்காரரான லார்ஜ்மவுத் பாஸுக்கு மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், இதற்குப் போகாது. அதனால்தான் சின்ன வாய். கல்லும் பாறையுமாக ஓடும் தெளிந்த ஆறு இதற்குப் பிடித்த வீடு. நண்டு மாதிரி கொடுக்கு வைத்த கிரேஃபிஷ் என்றால் உயிர். தூண்டிலில் மாட்டினால் நீரைக் கிழித்துக்கொண்டு மேலே துள்ளும். அமெரிக்காவில் இதற்காகவே வார இறுதியைக் காத்துக் கிடப்பவர்கள் ஏராளம்.

வாஷிங்டன் நகரத்தை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆறு இந்த மீனுக்குப் பேர்போனது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், இது அந்த ஆற்றின் சொந்த மீனே இல்லை! 1854-ல் ஒஹாயோ ஆற்றுப் பக்கத்திலிருந்து சில பாஸ் மீன்களை நீராவி எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, ரயிலிலேயே மலைகளைத் தாண்டிக் கொண்டுவந்து, மேரிலாண்டில் உள்ள கம்பர்லாண்ட் ஊரின் கால்வாயில் விட்டார்கள். அங்கிருந்து ஆற்றுக்குள் புகுந்து பெருகியவைதான் இன்றைய மீன்களின் முன்னோர். தெரியாத ஆறு, தெரியாத வெள்ளம், தெரியாத பாறைகள். மீன் எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டது. பழகிக்கொள்ளத் திணறுவது கரையில் நிற்கும் மனிதர்கள்தான்.

சரி, நம் மனிதருக்கு வருவோம். ஐம்பதை நெருங்கியவர். பொட்டோமாக்கின் மேரிலாண்ட் கரைக்காரர். பெயர் எதற்கு, ‘அவர்’ என்றே இருக்கட்டும். சிறு வயதில் தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவருடைய அப்பா. அப்பா விட்டுப்போன சட்டங்கள் மூன்று. ஒன்று, வெள்ளை ஸ்பின்னரைத்தான் போட வேண்டும் (இழுத்தால் தகடு சுழன்று மின்னும் போலி இரை அது). இரண்டு, ஆற்றின் நடுவே இருக்கும் அந்தப் பெரிய பாறையின் பின்பக்கம்தான் போட வேண்டும். மூன்று, அக்டோபர் முடிந்ததும் தூண்டிலைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் மீன் கடிக்காது.

அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன. வெள்ளை ஸ்பின்னர் தேய்ந்தால் அதே மாதிரி இன்னொன்று வாங்குவார். கடையில் வேறு எதையாவது ஆசைப்பட்டு வாங்கினாலும் அது பெட்டியின் அடியிலேயே தூங்கும்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அப்பா ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை. ஓடும் ஆற்றில் பாறைக்குப் பின்னால் நீரோட்டம் தணியும். அங்கே நின்றால் மீனுக்கு எதிர்நீச்சல் போட்டு உடம்பு அலுக்காது. பக்கத்தில் விரையும் நீர் இரையைக் கொண்டுவந்து கொடுக்கும். அங்கே ஸ்பின்னரை இழுத்தால் மீன் பாயத்தான் செய்யும். ஆனால் ஆறு என்பது சிமெண்டுத் தொட்டி இல்லையே! ஒவ்வொரு வெள்ளமும் கூழாங்கற்களை நகர்த்திவிட்டுப் போகும். பள்ளம் மேடாகும், மேடு பள்ளமாகும். கோடையில் தண்ணீர் குறைந்து சூடானால், ஆக்சிஜன் அதிகம் கரைந்திருக்கும் சலசலப்பான ஆழமற்ற பகுதிக்கு மீன் போய்விடும். சட்டம் சரிதான். என்றைக்கும், எல்லா நேரத்துக்கும் சரியா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்டது அவருடைய பன்னிரண்டு வயது மகள்.

ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை. அவர் வழக்கம்போலப் பாறைக்குப் பின்னால் வீசிக்கொண்டிருந்தார். மகள் பெட்டியின் அடியில் கிடந்த பழுப்பு நிற ரப்பர் இரை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, முழங்கால் அளவு கூட ஆழமில்லாத சலசலப்பில் போட்டாள். அங்கே மீன் இருக்காது என்பது அவர் வீட்டில் வேதவாக்கு. பத்து நிமிடத்தில் ஒரு மீன். “அதிர்ஷ்டம்” என்றார். இன்னொன்று. “உனக்கு இன்னைக்கு நல்ல நேரம்மா” என்றார். மூன்றாவது வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் கேட்டாள்:

“அப்பா, இங்க நீங்க எத்தனை தடவை போட்டுப் பார்த்திருக்கீங்க?”

பதில், பூஜ்யம்!

நாற்பது வருடமாக ‘அங்கே மீன் இல்லை’ என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒருமுறை கூட அங்கே தூண்டில் போட்டதில்லை. அப்படியானால் அது தெரிந்ததா, நம்பியதா? அன்று இரவு அவருக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மகளிடம் தோற்றது பெரிய விஷயமில்லை. இத்தனை வருடம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோமா, இல்லை அப்பாவின் ஞாபகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோமா என்ற சந்தேகம்தான் குடைந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்னப் பரீட்சை. பயப்படாதீர்கள், மார்க் கிடையாது. ஆப்ரஹாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-ல் வெளியிட்ட பிரபலமான சோதனை இது. மூன்று ஜாடிகள்: 21, 127, 3 அளவு தண்ணீர் பிடிப்பவை. இவற்றை வைத்து 100 அளக்க வேண்டும். 127-ஐ நிரப்பி, அதிலிருந்து ஒருமுறை 21-ஐயும் இருமுறை 3-ஐயும் ஊற்றி எடுத்தால் 100. இதே வழியில் தீரும் கணக்குகளாக வரிசையாகக் கொடுத்துவிட்டு, பிறகு 23, 49, 3 ஜாடிகளைக் கொடுத்து 20 அளக்கச் சொன்னார். பழைய வழியிலும் வரும்: 49-லிருந்து 23 போய், இரண்டு 3 போனால் 20. ஆனால் 23-லிருந்து ஒரே ஒரு 3-ஐ எடுத்தாலும் 20 தானே? பழைய வழியில் பழகியவர்களில் மிகப் பலர் இந்தச் சுலபமான வழியைக் கவனிக்கவே இல்லை. முன்கணக்குகளைப் போடாமல் நேராக வந்தவர்களோ சட்டென்று பிடித்துவிட்டார்கள். மகள் நேராக வந்தவள். அவர் முன்கணக்குகளைப் போட்டவர்.

மீன்பிடிப்பில் இந்த வியாதி இன்னும் மோசம். ஏனென்றால் பழைய வழி அவ்வப்போது பலன் தந்துகொண்டே இருக்கும். பத்து தடவை ஏமாற்றிப் பதினோராவது தடவை ஒரு மீன் வந்தால், அந்தப் பத்தும் மறந்துவிடும். சூதாட்ட இயந்திரம் மனிதனைக் கட்டிப்போடுவதும் இப்படித்தான். தவிர, எந்நேரமும் தண்ணீரில் கிடப்பது வெள்ளை ஸ்பின்னர் என்றால், மாட்டும் மீன்களும் வெள்ளை ஸ்பின்னரில்தானே மாட்டும்? ‘இதில்தான் மீன் கிடைக்கிறது’ என்ற நம்பிக்கை வளரும். நம்பிக்கை வளர வளர அதையே இன்னும் அதிகம் போடுவோம். செக்குமாட்டுக்கும் தான் ரொம்ப தூரம் நடந்துவிட்டதாகத்தான் தோன்றும்.

மறுவாரம் அவர் ஒரு நோட்டு வாங்கினார். எத்தனை மீன் என்பதோடு நிறுத்தாமல், எந்த இரை எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருந்தது என்பதையும் எழுத ஆரம்பித்தார். பிறகு ஒரு கொடுமையான காரியம் செய்தார்: வெள்ளை ஸ்பின்னர்களை எல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு ஆற்றுக்குப் போனார். கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் மனம் மாறிவிடும் என்று அவருக்குத் தன்னைப் பற்றித் தெரியும். முதல் இரண்டு வாரம் கை பரபரத்தது. ரப்பர் இரையை மெதுவாக அடியில் உருட்ட வேண்டும். அவருக்கோ வேகமாகச் சுற்றித்தான் பழக்கம். மூன்றாவது வாரத்திலிருந்து பக்கங்கள் நிரம்பத் தொடங்கின. ஒரு மணி நேரக் கணக்கு என்று பார்த்தால், அந்தக் கோடையில் பாறையை விடச் சலசலப்பு நன்றாகவே கொடுத்தது.

இரண்டு சட்டங்கள் ஆட்டம் கண்டன. மூன்றாவது பாக்கி. நவம்பர் வந்தது.

இது மற்ற இரண்டு மாதிரி இல்லை. தூண்டிலைப் பரணிலிருந்து இறக்கவே கை வரவில்லை. அப்பா எதிரே நின்று முறைக்கிற மாதிரி இருந்ததாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டார்: “குளிர்ல மீன் கடிக்காதுன்னு அப்பாவுக்கு யாரும்மா சொன்னா?”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவருக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு நவம்பரில் அப்பா ஆற்றில் இறங்கி நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பாசி பிடித்த கல்லில் கால் வழுக்கி விழுந்தார். மார்புவரை போட்டிருந்த ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எப்படியோ கிளையைப் பிடித்துக் கரையேறி, உதடு நீலமாக வீட்டுக்கு வந்தார். அந்த வாரம்தான் பையன், தானும் வருவேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். ஆபத்து என்று சொன்னால் எட்டு வயதுப் பையன் கேட்பானா? மீன் கடிக்காது என்றால் கேட்பான். கேட்டான். நாற்பது வருடம் கேட்டான்.

அந்தச் சட்டம் மீனைப் பற்றியதே இல்லை. பிள்ளையைப் பற்றியது.

குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தானாக ஏங்கி உள்ளே இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதுவே போதும். கை கால்கள் சில நிமிடங்களிலேயே சொன்னபடி கேட்காமல் போகும். ஆக அப்பாவின் பயம் நூற்றுக்கு நூறு நியாயம். அவர் சொன்ன காரணம்தான் உண்மையில்லை. தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஸ்மால்மவுத் பாஸ் ஆழமான, ஓட்டம் குறைந்த இடங்களில் கூடிவிடும். உடம்பின் வேகம் குறைந்துவிடுவதால் அதிகம் அலையாது, அதிகம் தின்னாது. ஆனால் மூக்குக்கு முன்னால் மெதுவாக வருவதை அவ்வப்போது கவ்வும்.

டிசம்பரில் அவர் போனார். ஆற்றில் இறங்கவில்லை. உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு, ஆழமான மடு ஒன்றின் கரையில், காய்ந்த மண்மேல் நின்றார். முடி கட்டிய சின்ன ஜிக் ஒன்றை வீசி, அடியில் படியவிட்டு, மனதுக்குள் இருபது வரை எண்ணி, ஒரு சாண் இழுத்து, மறுபடி இருபது. வேகமாகச் சுற்றியே பழகிய கைக்கு இது நரக வேதனை. முதல் சனிக்கிழமை ஒன்றும் இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை ‘அப்பா சொன்னது சரிதானோ’ என்று மனம் கட்சி மாறப் பார்த்தது. நோட்டில் ‘0’ என்று எழுதிவிட்டு வந்தார்.

நான்காவது சனிக்கிழமை நரம்பு லேசாகக் கனத்தது. ஈர இலை ஒட்டிக்கொண்ட மாதிரி, அவ்வளவுதான். தூக்கிப் பார்த்தார். இலை திரும்பி இழுத்தது!

பதினான்கு அங்குலம். சாதாரண மீன். கோடையில் என்றால் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். கை விறைக்க விறைக்க முள்ளைக் கழற்றி, தண்ணீரிலேயே பிடித்திருந்து விட்டுவிட்டார். அது அவசரமில்லாமல் மடுவுக்குள் இறங்கிப் போயிற்று. நோட்டில் மணியையும் இடத்தையும் எழுதினார். அதற்குக் கீழே, தேவையே இல்லாமல், அப்பாவின் பெயரை எழுதினார்.

வெள்ளை ஸ்பின்னர் இப்போது பெட்டிக்குத் திரும்பிவிட்டது. மே மாதம் பாறைக்குப் பின்னால் அதைத்தான் போடுகிறார். ஏனென்றால் நோட்டுக் கணக்கும் அப்போது அதைத்தான் சொல்கிறது. குளிர்காலத்தில் மகளும் கூட வர வேண்டும் என்று கேட்டபோது, மீன் கடிக்காது என்று அவர் சொல்லவில்லை. வழுக்கி விழுந்த கதையை முழுசாகச் சொல்லி, அவள் அளவுக்கு ஒரு உயிர்காப்புச் சட்டை வாங்கிக் கொடுத்தார்.

உங்களிடம் அப்படி எத்தனை சட்டங்கள் இருக்கின்றன மக்களே? தூக்கி எறியச் சொல்லவில்லை. யார் சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள் என்று ஒருமுறை வீட்டில் கேட்டுப் பாருங்கள். நாளைக்கு வகுப்பில் வேறு பெஞ்சில் உட்கார்ந்தும் பாருங்கள். உங்கள் இடத்தில் உட்கார்ந்தவரை மட்டும் முறைக்காதீர்கள்.